ராக்கெட் டாங்கி சடையங்குப்பத்தில் நின்ற நாள்

நான் ராக்கெட்டைப் பக்கத்தில் பார்த்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் என்னைக் காட்டி, "இவர்தான் ராக்கெட்ட தூக்கினவரு" என்று சொல்லிவிடுகிறார்கள். மறுத்துப் பார்த்தேன், பிரயோசனமில்லை. நான் தூக்கியது ஒரு டாங்கி. ராக்கெட்டுக்கு ஊற்றுகிற குளிர்ந்த எரிபொருளை ஏவுதளத்தில் சேர்த்து வைக்கிற டாங்கி. ஆனாலும் அந்த ஒரு சுமையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். போன மாதம் கம்பெனியில் புது ட்ரைலர் வாங்கியிருக்கிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒருவன் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அத்தனை சக்கரமும் தானாகத் திரும்புகிறது. அசந்துபோனேன். பார்த்து முடித்ததும் அங்கிருந்த மேஸ்திரிகளும் அதைத்தான் கேட்டார்கள்: "மாமு, அந்த சடையங்குப்பம் மேட்டர் சொல்லேன்."

சொன்னேன். சொல்லும்போது பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

நான் கலாசி. பெரிய பளுவைத் தூக்கி, கட்டி, நகர்த்துகிறவன். சங்கிலி, கம்பிக்கயிறு, ஜாக்கி, ரயில்வே கட்டை, இவைதான் எங்கள் சாமான்கள். கம்பெனி என்னை வேலைக்கு எடுத்ததே கால்பந்து டீமுக்காக. கோல்கீப்பராக இருந்தேன். இரண்டே வருடத்தில் முழங்கால் போயிற்று. டீம் என்னை விட்டது, கலாசி கேங் பிடித்துக்கொண்டது. தொழில் கற்ற கதை இவ்வளவுதான். மீதியைக் கற்றுக்கொடுத்தவர் மரியதாஸ் சார்.

மரியதாஸ் சார் எங்கள் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் அவர் குடும்பத்துக்குப் பருப்பு மொத்தக்கடை இருந்தது. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் லாரிப் பக்கம் வந்துவிட்டவர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் கத்தாத சூப்பர்வைசர் என்றால் சுறா இல்லாத கடல் மாதிரி, நம்ப முடியாது. சுமையைக் கட்டி முடித்ததும் ஒவ்வொரு கயிறாக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், ஜுரம் பார்ப்பதுபோல. "எல்லாரும் சாப்டாச்சாடே?" என்று கேட்பார். ஒருவன் சாப்பிடவில்லை என்றாலும் வேலை தொடங்காது. பசியோடு இருக்கிறவன் அவசரப்படுவான், அவசரப்படுகிறவன் விரலை இழப்பான் என்பது அவர் கணக்கு. யாராவது "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டால் போதும், வேலையை நிறுத்திவிட்டு அந்த ஆளையே கூப்பிட்டு, "என்னத்தப் பாத்துக்கிடுவ? எனக்கும் காட்டு" என்பார். வண்டி நகரும்போது அவர் வாயில் ஒரே சொல்தான்: "பைய." மெதுவாக என்று அர்த்தம். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத சொல். எங்கள் கேங்கில் உருது பேசுகிற டிரைவர் காதர் பாய்கூட நாளடைவில் வீட்டில் பிள்ளைகளிடம் "பைய, பைய" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் அந்த டாங்கி தயாராகிக்கொண்டிருந்தது. ஆந்திர எல்லையைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற ஏவுதளத்துக்குப் போகவேண்டும். அங்கிருந்து வசந்தி என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயது. முதல் நாளே எங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு விளக்கினார்.

"காபி ஃபிளாஸ்க் மாதிரிதான் அண்ணா. வெளியில ஒரு உருளை, உள்ள ஒண்ணு. நடுவுல காத்தே கிடையாது. உள்ள இருக்கிறது மெல்லிசான தாங்கிகள்ல தொங்குது. ரொம்பச் சாய்ஞ்சா அது முறியும். முறிஞ்சா வெளிய தெரியாது. எரிபொருள் ஊத்துற அன்னைக்குத்தான் தெரியும்."

டாங்கியின் முதுகில் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, அந்த ரசமட்டம் போல ஒன்றைப் பொருத்தியிருந்தார். பக்கத்தில் சிவப்புக் கோடு. குமிழ் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

சுமை போகிற வழியை நாங்கள் முன்கூட்டியே நடந்து பார்ப்போம். டாங்கி உயரத்துக்கு மூங்கிலில் சட்டம் கட்டி ஜீப்பில் நிறுத்திக்கொண்டு போவோம். சட்டம் எங்கே இடிக்கிறதோ அங்கே டாங்கியும் இடிக்கும். மணலிப் பக்கம் சாலைக்குக் குறுக்கே போன ஒரு குழாய்ப் பாலத்தில் சட்டம் இடித்தது. அதனால் சடையங்குப்பத்தை ஒட்டிப் போகிற சுற்றுவழியைப் பிடித்தோம். மழைக்காலம் முடியட்டும் என்றார் மரியதாஸ் சார். ஏவுதளத்தில் எல்லாம் நாள் குறித்தாயிற்று, காத்திருக்க முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக் கேட்டைத் தாண்டியதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் திருவிழா ஆகிவிட்டது. தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். ஒரு அண்ணாச்சி கடையிலிருந்து அண்டா நிறைய மோர் வந்தது. நாங்கள் உலர்ந்த மூங்கில் கொம்பால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்து டாங்கியை நுழையவிட, ஜனம் பின்னாலேயே நடந்தது.

"இதுக்குள்ளயா ஆளு குந்திகினு போவாங்கோ?"

"இது டாங்கிம்மா. ஆயில் மாதிரி."

தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்ற ஒரு பெண் டாங்கியைத் தலை முதல் வால் வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல எம்மாங் கொடம் புடிக்கும்?"

வசந்தி மேடம் உதட்டுக்குள் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். போட்டு முடித்தார். சொல்லவில்லை.

அங்கேயே ஒரு சண்டையும் மூண்டது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், "குடிக்க தண்ணிய காணோம், வானத்துக்கு வாணம் உட்றானுங்கோ. அம்மாங் காசும் வெடிச்சா புகைதானே?" என்றார். கூட்டத்திலிருந்து காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் பாய்ந்தார்: "போன தபா புயலு வருதுன்னு ரேடியோல சொன்னானே, யாரு பாத்து சொன்னா? மேல சுத்திகினு கீதே, அதான் சொல்லிச்சு. நான் கடலுக்கு போவல. அதான் இன்னிக்கு உங்கூட பேசிகினு கீறேன்."

நான் மரியதாஸ் சாரிடம், "யாரு சொல்றது கரெக்டு சார்?" என்றேன்.

"ரெண்டும் நெசந்தாம்டே. நீ வயரப் பாரு."

அன்று பகல் முழுக்க ஆமை நடை. மறுநாள் விடியும்போதே மழை. சடையங்குப்பம் சாலை இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். நாங்கள் வந்த பக்கம் தண்ணீர் தேங்கிவிட்டதால், ஊருக்கு வெளியே வர இனி அது ஒன்றுதான் வழி. அதில் நின்றால் ஊரையே அடைத்துவிடுவோம். ஒரு சின்னக் கல்வெட்டை, அதாவது அடியில் தண்ணீர் ஓடுகிற சிறுபாலத்தை, தாண்டினால் கெட்டியான திடல் இருக்கிறது, அங்கே போய் நிறுத்தி மழை விடும்வரை காத்திருப்போம் என்று சார் முடிவு செய்தார். கல்வெட்டின் மேல் முன்சக்கரங்கள் தாண்டின. நடுச்சக்கரங்களும் தாண்டின. பின்னால் இடதுபக்கம் மட்டும் கல்வெட்டின் ஓரம் கரைந்து உள்ளே போயிற்று. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். டாங்கி பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நின்றது.

வசந்தி மேடம் ஏணியில் ஏறி ரசமட்டத்தைப் பார்த்தார். "கோட்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா கிட்ட வந்துடுச்சு."

கிரேன் வேண்டும். மழையில் அந்தச் சாலைக்குக் கிரேன் வர மறுநாளாகும் என்றார்கள். சரி, கட்டை அடுக்கி டாங்கியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம் என்று வேலையை ஆரம்பித்தோம். அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து ஜனம் திரண்டு வந்தது. முன்னால் வந்த அம்மாவின் பெயர் பட்டம்மா. கொடுங்கையூர் குப்பைமேட்டில் துப்புரவு வேலை பார்ப்பவர். நனைந்த புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக மரியதாஸ் சாரிடம் வந்தார்.

"இன்னா சார் இது? ஏரிய தொறந்துட்டான். தண்ணி வந்துகினே கீது. எங்கள ஏத்த வந்த லாரி உன் வண்டிக்கு அந்தாண்ட நின்னுகினு கீது. எங்க ஜனம் எப்டி வெளிய வர்றது?"

வண்டியின் இரண்டு பக்கமும் ஆள் நுழைய இடமில்லை. பள்ளத்தில் இறங்கிப் போகலாமென்றால் கல்வெட்டுக்கு அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. திடமான ஆண்களே தடுமாறுவார்கள். பின்னால் குழந்தைகளும், படுக்கையில் கிடப்பவர்களும் இருந்தார்கள்.

"உன் ராக்கெட்ட எடு. முடியலன்னா கவுத்து உட்டுட்டு போய்க்கினே இரு. எங்களுக்கு வழி வோணும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் துடைத்து என்ன பயன், மறுபடி நனைந்தது. பிறகு வசந்தி மேடத்திடம் போனார்.

"மேடம், கிரேனுக்கு நின்னா இந்த ஜனம் உள்ள மாட்டிக்கிடும். இப்பவே பள்ளத்த ரொப்பி இழுத்துப் பாக்கலாம். இழுக்கையில இன்னுங் கொஞ்சம் சாயும். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எனக்கு இழுக்கணும்னு இருக்கு. ஆனா டாங்கி ஒங்களோடது."

மேடம் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார். "எங்க ஆபீஸ்ல கிரேன் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்றாங்க சார்."

"நீங்க என்ன சொல்லுதீய?"

அவர் டாங்கியைப் பார்க்கவில்லை. பட்டம்மாவுக்குப் பின்னால் ஒரு ஆள் தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு நின்றான். அந்தப் பெரியவரின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுங்க சார்" என்றார். "நான் மேல உக்காந்து குமிழப் பாத்துச் சொல்றேன்."

"மேல வேண்டாம். சாஞ்சா..."

"கீழருந்து தெரியாது சார்."

எங்கள் கட்டைகளைப் பள்ளத்தில் போட்டோம். தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே இருந்ததால் போட்டது எல்லாம் இறங்கிக்கொண்டே போயிற்று. கட்டை தீர்ந்துவிட்டது. பட்டம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

"கட்டதான வோணும்?" என்றார். திரும்பித் தன் ஜனத்தைப் பார்த்துக் கத்தினார்: "டேய், கூரைல கீற சவுக்கு கழிய உருவு! கதவ கழட்டு! எப்டியும் தண்ணி வந்து அடிச்சிகினு போவப்போவுது. போறது இங்க போவட்டும்!"

ஒரு நிமிஷம் யாரும் நகரவில்லை. பிறகு ஒருவன் ஓடினான். அவன் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். கழிகள் வந்தன, கட்டில் சட்டங்கள் வந்தன, கதவுகள் வந்தன. நான் ட்ரைலருக்கு அடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். தலைக்கு மேல் அவ்வளவு கனம் சாய்ந்து நிற்கிறது. முனகுகிறது. இரும்பு முனகும், கேட்டவர்களுக்குத் தெரியும். கடைசியாக வந்த கதவில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. மழையில் பாதி கரைந்திருந்தது. அதன்மேல் ஜாக்கியை வைக்க எனக்குக் கை வரவில்லை.

"யாரு வூட்டு கதவும்மா இது?"

"என்னுதுதான்" என்றார் பட்டம்மா. "வெய்யி நைனா. நேரம் பண்ணாத."

வைத்தேன். இடதுபக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். கதவு நெரிந்தது, ஆனால் நின்றது. நான் வெளியே வந்ததும் சார் வழக்கம்போல ஒவ்வொரு கயிறாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அந்த அவசரத்திலும் ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு இழுவை வண்டியின் ஜன்னலுக்குப் போய்க் காதர் பாயிடம், "பாய், ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தக்கூடாது. பைய" என்றார்.

வண்டி உறுமியது. சக்கரம் கதவுகளின் மேல் ஏறியது. டாங்கி நேராவதற்குப் பதில் முதலில் இன்னும் சாய்ந்தது. மேலே வசந்தி மேடம் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

"கோட்டுக்கு வந்துடுச்சு!"

"பைய."

"கோட்டுல இருக்கு. கோட்டுலயே இருக்கு."

அடியில் கட்டைகள் பட் பட்டென்று முறிந்தன.

"உள்ள வருது! சார், உள்ள வருது!"

கடைசிச் சக்கரம் கல்வெட்டைத் தாண்டித் திடலில் ஏறியதும் நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். மரியதாஸ் சார் உட்காரவில்லை. "இழுவய அவுருங்கடே" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "லாரி இந்தத் தண்ணியில முங்கிரும். நம்ம வண்டி ஒசரம். ஊருக்குள்ள போகட்டும்."

கல்வெட்டின் நல்ல பக்கமாகக் காதர் பாய் அந்த ராட்சச வண்டியைத் திருப்பி ஊருக்குள் விட்டார். மாலைவரை நாலைந்து நடை. வண்டியின் பின்னால், சக்கரம் வழுக்காமல் இருக்க இரும்புப் பளு ஏற்றும் தொட்டியில் பெண்கள், குழந்தைகள், ஆடுகள், ஒரு டிவி, முதுகில் வந்த பெரியவர். அவர் என் கையைப் பிடித்து இறங்கும்போது, "ராக்கெட்டு வண்டில வந்துட்டேன்டா" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரையும் மணலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டோம். அன்று ராத்திரி ஊருக்குள் கூரை மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதாகச் சொன்னார்கள். ஒரு உயிரும் போகவில்லை.

டாங்கி ஒருவழியாக ஏவுதளம் போய்ச் சேர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று வசந்தி மேடத்தை வேறு பிரிவில் உட்காரவைத்துவிட்டார்கள். டாங்கி சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறிய பிறகுதான் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மரியதாஸ் சாருக்கும் மேலிடத்தில் பேச்சு விழுந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். "பைய வரச் சொன்னாங்க" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் சார், டாங்கி உருளாமல் இருக்க அடியில் வைத்திருந்த தொட்டில் கட்டைகளை, நல்ல கெட்டி மரம், ஏவுதளத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கம்பெனித் தச்சர் அவற்றை அறுத்துக் கதவுகள் செய்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மாட்டிவிட்டு வந்தோம். பட்டம்மா தட்டிப் பார்த்துவிட்டு, "வூடு விழுந்தாலும் கதவு விழாது போல கீதே" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் எங்களுக்குச் சாப்பாடு உண்டு.

அந்த டாங்கியிலிருந்து எரிபொருள் நிரப்பிய ராக்கெட் ஒன்று கிளம்புகிறது என்று வசந்தி மேடம் போன் செய்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. சார் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். எண்ணூர் கடற்கரையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் என்றார்கள். சாரும் நானும் காதர் பாயும் போனோம். பட்டம்மா ஷேர் ஆட்டோ பிடித்துத் தன் ஜனத்தோடு வந்திருந்தார். பொழுது சாய்கிற நேரம். படகுகளின் மேலெல்லாம் ஆட்கள் ஏறி நின்றார்கள்.

முதலில் ஒரு வெளிச்சம், தீக்குச்சி கிழித்தாற்போல. பிறகு வெள்ளையாக ஒரு கோடு மேகத்தைத் துளைத்துக்கொண்டு ஏறியது. கடற்கரையே விசிலடித்தது. பட்டம்மா இரண்டு கையையும் தூக்கி, "போ! போ!" என்று கத்தினார். கோடு ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் வளைந்தது. பிறகு பூ மலர்ந்த மாதிரி விரிந்து நின்றது. அழகாக இருந்தது என்று கைதட்டியவர்களும் உண்டு. மரியதாஸ் சார் மட்டும் கண்ணுக்கு மேல் வைத்திருந்த கையை இறக்கிவிட்டார்.

வெகுநேரம் கழித்து அவர் போன் அடித்தது. வசந்தி மேடம். சார் முதலில் கேட்டது: "நம்ம டாங்கியாம்மா?"

"இல்ல சார். டாங்கி நல்லா இருந்துச்சு. இது வேற எங்கயோ." அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "எல்லாம் போச்சு சார். எத்தன வருஷம், எத்தன பேரு. பேப்பர்ல நாளைக்கு எழுதுவாங்க, காசக் கடல்ல கொட்டிட்டாங்கன்னு. தப்புன்னு எப்படிச் சொல்றது?"

பட்டம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, நான் பட்டம்மா பேசுறேன். பாத்தேன். அழுவாத. சோறு துன்னியா? மொதல்ல போய் துன்னு. எங்க வூடு எத்தினி தபா போயிருக்கு, வுட்டுட்டா போனோம்? தண்ணி வடிஞ்ச மறுநாளே கழி நட்டோம். நீயும் கட்டு."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"இந்த வருசம் இன்னும் தண்ணி வரல கண்ணு. நீ வா. மேல போற சமாசாரமெல்லாம் இவங்களுக்கு புரியற மாதிரி சொல்லு. அத்த இன்னாத்துக்கு கட்றீங்கன்னு என்னியும் நாலு பேரு கேக்குறாங்கோ. எனக்கு சொல்லத் தெரில."

அடுத்த மாதமே வசந்தி மேடம் வந்தார். சடையங்குப்பத்தில் கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து, இருட்டும்வரை பேசினார்கள். முதல் கேள்வி பட்டம்மாவுடையது. எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். மேடம் மறைக்காமல் சொன்னார். கூட்டம் பெருமூச்சு விட்டது. இரண்டாவது கேள்வியும் பட்டம்மாவுடையதுதான்.

"சரி, அடுத்தது எப்ப?"